கொட்டைப் பருப்புகளும் இதயமும்

1980களிலும் 90களிலும் அமெரிக்காவில் கொழுப்பு என்ற சொல்லே ஒரு பூச்சாண்டியாக இருந்தது. மளிகைக் கடைக்குப் போனால் பிஸ்கட்டிலிருந்து ஐஸ்கிரீம் வரை எல்லாவற்றின் அட்டையிலும் "கொழுப்பு நீக்கியது" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். நீக்கிய கொழுப்புக்குப் பதிலாகச் சர்க்கரையும் மாவும் சேர்ந்திருக்கும், அதை யாரும் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள். அந்தச் சமயத்தில், எடையில் பாதியும் அதற்கு மேலும் கொழுப்பாகவே இருக்கும் பாதாமையும் அக்ரூட்டையும் கண்டு மருத்துவர்கள் முகம் சுளித்ததில் வியப்பில்லை. நம் ஊரிலும் இதே கதைதான். "முந்திரியில் கொலஸ்டிரால் ஜாஸ்தி, தொடாதே" என்று அறிவுரை கேட்காத இதய நோயாளி அநேகமாக இருக்க முடியாது.

ஆனால் கடந்த முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் இந்த எண்ணத்தைத் தலைகீழாகத் திருப்பி விட்டன. அந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன, எந்த அளவுக்கு நம்பலாம், தமிழர்களாகிய நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், மருத்துவன் அல்லன். எண்களைப் படித்துப் பார்க்கும் பழக்கம் மட்டுமே என்னுடைய தகுதி. மருந்து சாப்பிடுகிறவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம்.

எது கொட்டை?

தாவரவியல் படி பார்த்தால் நாம் கொட்டை என்று சொல்லும் பலவும் கொட்டையே அல்ல. பாதாம், பிஸ்தா, முந்திரி மூன்றும் பழத்துக்குள் இருக்கும் விதைகள். நிலக்கடலை துவரை, உளுந்து வகையறாவைச் சேர்ந்த அவரைக் குடும்பத்துச் செடி. வேர்க்கடலை, மல்லாட்டை, மணிலாக் கொட்டை என்று தமிழ்நாட்டில் ஊருக்கு ஒரு பெயரும், இலங்கையில் கச்சான் என்ற பெயரும் கொண்ட இந்தக் கடலையின் பூர்வீகம் தென் அமெரிக்கா. முந்திரி போர்த்துக்கீசியரோடு பிரேசிலிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழர்கள் அதை மரமுந்திரிகை என்றும் கஜு என்றும் சொல்வார்கள்.

ஆய்வாளர்கள் இந்தத் தாவரவியல் பிரிவினைகளைக் கண்டுகொள்வதில்லை. சத்துக்களின் அமைப்பு ஒரே மாதிரி இருப்பதால் நிலக்கடலையையும் மற்ற மரக்கொட்டைகளோடு சேர்த்தே எண்ணுகிறார்கள். இது நமக்கு நல்ல செய்தி. நிலக்கடலையில் கிடைக்கும் பலன் விலை அதிகமான பாதாமுக்குப் பெரிதாகக் குறைந்ததல்ல.

இன்னொன்றையும் இங்கேயே தெளிவுபடுத்தி விடலாம். முந்திரி உட்பட எந்தக் கொட்டையிலும் கொலஸ்டிரால் கிடையாது. கொலஸ்டிரால் மிருகங்களின் உடல் உற்பத்தி செய்யும் பொருள். அது உணவில் வருவது இறைச்சி, முட்டை, பால், நெய் போன்றவற்றிலிருந்து. கொட்டையில் இருப்பது கொழுப்பு. கொழுப்பு வேறு, கொலஸ்டிரால் வேறு.

லோமா லிண்டாவில் தொடங்கிய கதை

தெற்குக் கலிபோர்னியாவில் லோமா லிண்டா என்று ஒரு சிறிய ஊர். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்ற கிறித்துவப் பிரிவினர் பெருமளவில் வாழும் இடம். இவர்கள் புகை பிடிப்பதில்லை, குடிப்பதில்லை, பலர் சைவ உணவுக்காரர்கள். மதுவும் புகையும் இல்லாததால், உணவினால் மட்டும் என்ன வேறுபாடு வருகிறது என்று பார்க்க வசதியான மக்கள்.

இவர்களில் 31,208 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த கேரி ஃப்ரேசர் குழுவினர் 1992-ல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். பல உணவுகளை அலசியதில் துலக்கமாகத் தெரிந்தது கொட்டைதான். வாரத்துக்கு நான்கு முறைக்கு மேல் கொட்டை தின்றவர்களுக்கு, வாரம் ஒரு முறைக்கும் குறைவாகத் தின்றவர்களைக் காட்டிலும் மாரடைப்பும் இதய நோய் மரணமும் ஏறக்குறையப் பாதியாக இருந்தன. ஆண், பெண், சைவம், அசைவம், ஒல்லி, குண்டு என்று எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் இதே போக்கு தென்பட்டது.

அடுத்த ஆண்டே, 1993-ல், அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் சபாத்தே ஒரு சோதனை செய்தார். ஆரோக்கியமான 18 ஆண்களுக்கு நான்கு வாரம் வழக்கமான பத்திய உணவு, நான்கு வாரம் அதே உணவில் 20 சதவீதக் கலோரி அக்ரூட்டிலிருந்து வருமாறு அமைத்த உணவு. மொத்தக் கொழுப்பின் அளவு இரண்டிலும் சமம். அக்ரூட் வாரங்களில் கெட்ட கொலஸ்டிரால் எனப்படும் எல்.டி.எல். மற்ற வாரங்களை விட 16 சதவீதம் குறைந்தது. சிறிய சோதனைதான், ஆனால் காரணம் எங்கே இருக்கக்கூடும் என்று காட்டிய முதல் சோதனைகளில் ஒன்று.

பெரிய கணக்கெடுப்புகள்

பிறகு ஆய்வுகள் வரிசையாக வந்தன. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

1998: அமெரிக்கச் செவிலியர்கள் 86 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு. வாரம் ஐந்து அவுன்சுக்கு மேல் கொட்டை தின்றவர்களுக்கு இதய நோய் 35 சதவீதம் குறைவு. ஒரு அவுன்ஸ் என்பது 28 கிராம், ஒரு சின்னக் கைப்பிடி.

2002: 21 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்கள். வாரம் இரண்டு முறையோ அதற்கு மேலோ தின்றவர்களுக்குத் திடீர் இதய மரணம் 47 சதவீதம் குறைவு.

2013: செவிலியரும் மற்ற மருத்துவத் துறையினருமாக ஒரு லட்சத்து 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். தினமும் தின்றவர்களுக்கு எந்தக் காரணத்தாலும் நேரும் மரணம் 20 சதவீதம் குறைவு.

2020: இந்தியா உட்பட 16 நாடுகளில் ஒரு லட்சத்து 24 ஆயிரம் பேர். வாரம் 120 கிராமுக்கு மேல் தின்றவர்களுக்கு மரணமும் பெரிய இதய நோய்களும் சேர்ந்த கணக்கு 12 சதவீதம் குறைவு.

வரிசையாகப் படிக்கும்போது ஒன்று கவனத்துக்கு வந்திருக்கும். ஆய்வு பெரிதாகவும் பரந்ததாகவும் ஆக ஆக, பலனின் அளவு சுருங்குகிறது. 50, 35, 20, 12. ஒவ்வோர் ஆய்வும் அளந்தது ஒரே விஷயத்தை அல்ல என்பதால் இவற்றை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் ஆரம்பத்தில் நினைத்த அளவுக்குப் பலன் பெரிதல்ல, அதே சமயம் பூஜ்யமும் அல்ல என்று எடுத்துக்கொள்வது நியாயம்.

கொட்டையா, கொட்டை தின்னும் ஆளா?

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். தினமும் பாதாம் தின்கிறவர் யார்? கையில் காசு உள்ளவர், படித்தவர், உடற்பயிற்சி செய்கிறவர், புகை பிடிக்காதவர். அவருக்கு இதய நோய் குறைவு என்றால் பாதாமுக்கு மாலை போடுவதா, அவருடைய மற்றப் பழக்கங்களுக்கா? ஆய்வாளர்கள் புள்ளியியல் முறைப்படி இவற்றைக் கழித்துத்தான் கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் கழிக்க முடிவது அளந்தவற்றை மட்டுமே.

இதற்கு ஓரளவு பதில் 2015-ல் கிடைத்தது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் பெரும்பாலும் குறைந்த வருமானம் உள்ள கறுப்பின, வெள்ளையின மக்கள் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரையும், ஷாங்காய் நகரத்தில் ஒரு லட்சத்து 34 ஆயிரம் பேரையும் கவனித்த ஆய்வு அது. இவர்கள் தின்றதில் பெரும்பங்கு மலிவான நிலக்கடலை. இவர்களிடமும் அதிகம் தின்றவர்களுக்கு மரண விகிதம் 17 முதல் 21 சதவீதம் குறைவாக இருந்தது. பணக்காரப் பழக்கம் என்ற விளக்கம் இங்கே பொருந்தவில்லை.

ஆனால் சந்தேகத்தை முழுக்கத் தீர்க்க வேண்டுமானால், சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆட்களைப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கொட்டை கொடுத்து, மற்றதற்குக் கொடுக்காமல், யாருக்கு மாரடைப்பு வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஸ்பெயினில் அதைச் செய்தார்கள்.

ஸ்பெயின் சோதனையும் அதன் சறுக்கலும்

ப்ரெடிமெட் என்பது அந்தச் சோதனையின் பெயர். இதய நோய் இன்னும் வராத, ஆனால் வர வாய்ப்பு அதிகமுள்ள 7447 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். மூன்றில் இரண்டுக்கு மத்தியதரைக் கடல் பாணி உணவு. அவற்றில் ஒரு குழுவுக்கு ஆலிவ் எண்ணெய் இலவசம், இன்னொன்றுக்குத் தினமும் 30 கிராம் கொட்டை இலவசம். 15 கிராம் அக்ரூட், ஏழரை கிராம் பாதாம், ஏழரை கிராம் ஹேசல்நட். மூன்றாவது குழுவுக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லி அறிவுரை மட்டும். ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்குப் பிறகு 2013-ல் முடிவு வந்தது. கொட்டைக் குழுவில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றின் வாய்ப்பு 28 சதவீதம் குறைவு. உலகம் முழுக்கச் செய்தித்தாள்களில் முதல் பக்கத்தில் வந்தது.

2017-ல் ஜான் கார்லைல் என்ற பிரிட்டிஷ் மயக்க மருந்து நிபுணர் ஒரு காரியம் செய்தார். மருத்துவ இதழ்களில் வந்த 5087 சோதனைகளின் ஆரம்ப எண்களைக் கணினியில் போட்டு, உண்மையிலேயே சீட்டுக் குலுக்கியிருந்தால் இப்படி எண்கள் அமைந்திருக்குமா என்று பார்த்தார். சந்தேகப் பட்டியலில் ப்ரெடிமெட்டும் வந்தது. ஆசிரியர்கள் திரும்பிப் போய்த் தங்கள் கோப்புகளைப் புரட்டினார்கள். சில வீடுகளில் கணவனை ஒரு குழுவில் போட்டுவிட்டு, மனைவியைக் குலுக்காமலேயே அதே குழுவில் சேர்த்திருந்தார்கள். ஓரிடத்தில் ஆட்களைக் குலுக்குவதற்குப் பதிலாக முழு மருத்துவமனைகளையே ஒரு குழுவில் போட்டிருந்தார்கள். ஒரே கிராமத்தில் ஒருவருக்கு இலவச எண்ணெய், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் இல்லை என்றால் சண்டை வரும் என்பது நமக்குத் தெரியாததா?

2018 ஜூனில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டு, பிழையான பகுதிகளைக் கணக்கில் கொண்டு மீண்டும் அலசி, அதே இதழில் புதிதாக வெளியானது. முடிவு ஏறக்குறைய அதேதான். ஆனால் "இதுதான் காரணம்" என்று அடித்துச் சொல்லும் வலு முன்னைவிடக் குறைந்துவிட்டது.

அந்த 28 சதவீதம் என்ன என்பதையும் எளிய எண்களில் பார்ப்போம். கொட்டைக் குழுவிலும் ஒப்பீட்டுக் குழுவிலும் ஏறத்தாழ 2450 பேர் வீதம். ஐந்தாண்டில் பாதிக்கப்பட்டவர்கள் கொட்டைக் குழுவில் 83, மற்றதில் 109. அதாவது நூற்றுக்கு 3.4 பேர், 4.4 பேர். நூறு பேர் ஐந்தாண்டு தின்றால் ஒருவர் தப்பிக்கிறார். தலைப்புச் செய்தியாக 28 சதவீதம் பெரிதாகத் தெரியும், ஒருவர் என்பது சிறிதாகத் தெரியும். இரண்டும் ஒரே உண்மைதான். பக்க விளைவு அதிகம் இல்லாத ஒரு கைப்பிடி உணவு நூற்றில் ஒருவரைக் காப்பாற்றுமானால் அது அற்பமல்ல. அதே சமயம் அது அற்புதமும் அல்ல.

எப்படி வேலை செய்கிறது?

கொட்டையில் உள்ள கொழுப்பில் பெரும்பகுதி செறிவற்ற கொழுப்பு. வெண்ணெய், நெய் போன்றவற்றின் செறிவுற்ற கொழுப்புக்குப் பதிலாக இது உடலில் சேரும்போது, கல்லீரல் தன் மேற்பரப்பில் எல்.டி.எல்.லைப் பிடிக்கும் ஏற்பிகளை அதிகமாக்கி, ரத்தத்திலிருந்து அதை இழுத்துக்கொள்கிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது, தாவர ஸ்டெரால்கள். இவை உருவத்தில் கொலஸ்டிரால் போலவே இருப்பதால் குடலில் அதோடு இடத்துக்குப் போட்டியிட்டு, அது உடலுக்குள் போவதைக் குறைக்கின்றன. மூன்றாவது நார்ச்சத்து. நான்காவது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம். இதிலிருந்துதான் உடல் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கிறது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரிக்கும் வாயு இது. இவை தவிர மெக்னீசியம், பாதாமில் வைட்டமின் ஈ, அக்ரூட்டில் ஒமேகா-3 வகைக் கொழுப்பு ஆகியவையும் உண்டு.

எவ்வளவு குறையும்? 2015-ல் 61 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், தினமும் ஒரு அவுன்ஸ் கொட்டைக்கு எல்.டி.எல். சராசரியாக 4.8 மில்லிகிராம் குறைந்தது. 2021-ல் வெளியான, லோமா லிண்டாவிலும் பார்சலோனாவிலும் 708 முதியவர்களை வைத்து இரண்டாண்டு நடந்த அக்ரூட் சோதனையிலும் 4.3 மில்லிகிராம்தான். ஸ்டாட்டின் மாத்திரை நடுத்தர அளவிலேயே 30 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். எனவே "இனிமேல் மாத்திரை வேண்டாம், பாதாம் போதும்" என்று முடிவெடுப்பவர்கள் ஆபத்தான கணக்குப் போடுகிறார்கள். கொட்டை மாத்திரைக்குத் துணை, மாற்று அல்ல.

எடை கூடாதா?

ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. 28 கிராம் கொட்டையில் 160 முதல் 185 கலோரி. தினமும் தின்றால் மாதக் கடைசியில் பேண்ட் பொத்தான் போட முடியாது என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் சோதனைகளில் அப்படி நடக்கவில்லை. ஃப்ரேசர் குழுவினரே 81 பேருக்கு ஆறு மாதம் தினமும் 320 கலோரி அளவு பாதாம் கொடுத்து, வேறு அறிவுரை எதுவும் சொல்லாமல் விட்டார்கள். எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

காரணங்களில் ஒன்று வயிறு நிறைவது. கொட்டை தின்றவர் அடுத்த வேளையில் தானாகவே குறைவாகச் சாப்பிடுகிறார். இன்னொன்று சுவாரசியமானது. கொட்டையின் கொழுப்பு தாவரச் செல்களின் சுவருக்குள் அடைபட்டிருக்கிறது. நாம் மென்று உடைத்த செல்களின் கொழுப்புதான் ஜீரணமாகும், மற்றது அப்படியே வெளியேறிவிடும். அமெரிக்க விவசாயத் துறை விஞ்ஞானிகள் மேரிலாந்தில் இதை நேரடியாகவே அளந்தார்கள். அதற்காக அவர்கள் எதைச் சேகரித்து அளந்திருப்பார்கள் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம். ஒரு அவுன்ஸ் பாதாமில் உண்மையில் உடலில் சேர்வது 129 கலோரி, அட்டையில் போட்டிருப்பதை விட ஏறக்குறையக் கால் பங்கு குறைவு. அக்ரூட்டில் 21 சதவீதம், முந்திரியில் 16 சதவீதம் குறைவு. பிஸ்தாவில் வித்தியாசம் சுமார் 5 சதவீதம்தான்.

இந்தச் சலுகை முழுக் கொட்டைக்குத்தான். வெண்ணெய் போல அரைத்துவிட்டால் செல் சுவர்கள் உடைந்துவிடும். பர்பியாகவோ, நெய்யில் வறுத்துப் பாயசத்தில் போட்டோ தின்றால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

சர்க்கரையும் டிரைகிளிசரைடும்: நம் பிரச்சினை

எங்கள் அலுவலகத்தில் இந்தியர்கள் கூடும் மதிய உணவு மேசையில் பேச்சு மூன்று விஷயங்களைச் சுற்றி வரும்: விசா, வீட்டு விலை, ரத்தப் பரிசோதனை. மூன்றாவதில் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. எல்.டி.எல். சுமார், டிரைகிளிசரைடு 200-க்கு மேல், நல்ல கொலஸ்டிராலான எச்.டி.எல். 40-க்குக் கீழ், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-ஐத் தாண்டி, இடுப்பில் ஒரு சிறு வளையம். வயது நாற்பதைத் தொட்டிருக்காது.

தெற்காசியர்களுக்கு இது பரவலான வார்ப்பு என்பது மருத்துவ உலகம் அறிந்ததே. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு தெற்காசியர்களுக்குச் சராசரியாக 53 வயதில் வந்தது. மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி. கிட்டத்தட்ட ஆறு வருடம் முன்னதாக. பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயது, வீட்டுக் கடன் பாதி நிற்கும் வயது என்று எண்ணிப் பார்த்தால் இந்த ஆறு வருடத்தின் கனம் புரியும்.

இந்த வார்ப்புக்குக் கொட்டை எந்த அளவு உதவும்? ஏழு நாடுகளில் 25 சோதனைகளைத் தொகுத்து 2010-ல் சபாத்தே வெளியிட்ட ஆய்வில், டிரைகிளிசரைடு 150-க்கு மேல் இருந்தவர்களுக்கு மட்டும் அது 10 சதவீதம் குறைந்தது. சரியாக இருந்தவர்களுக்கு மாற்றமில்லை. ப்ரெடிமெட்டின் முதலாண்டுக் கணக்கில், இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, டிரைகிளிசரைடு, எச்.டி.எல். எல்லாம் சேர்ந்து கெடும் வளர்சிதைக் கோளாறு கொட்டைக் குழுவில் 13.7 சதவீதம் குறைந்தது. அறிவுரைக் குழுவில் 2 சதவீதம் மட்டுமே.

சர்க்கரை நோயைப் பொறுத்தவரை முடிவுகள் கலவையானவை. 2002-ல் 83 ஆயிரம் செவிலியரிடம் வாரம் ஐந்து முறை கொட்டை தின்றவர்களுக்கு நோய் வருவது 27 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. பின்னால் வந்த எல்லாத் தொகுப்பாய்வுகளிலும் அது உறுதிப்படவில்லை. நோய் ஏற்கெனவே வந்தவர்களுக்கு, டொரோன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் 2011-ல் வெளியிட்ட சோதனை பயனுள்ளது. 117 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மஃபின் ரொட்டி, இன்னொரு பகுதியினருக்கு அதே கலோரிக்குக் கொட்டை. மூன்று மாதத்தில் கொட்டை தின்றவர்களின் எச்.பி.ஏ.1சி. 0.21 புள்ளி இறங்கியது. சிறிய இறக்கம்தான். ஆனால் பாடம் முக்கியமானது: மாவுப் பண்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தபோது கிடைத்த பலன் இது.

நம்மவர்களை வைத்தே சென்னையில் இரண்டு சோதனைகள் நடந்திருக்கின்றன. இரண்டையும் செய்தது மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்து டாக்டர் வி. மோகன் குழுவினர். 2018-ல் வெளியானதில் 300 நீரிழிவு நோயாளிகளில் பாதிப் பேர் 12 வாரம் தினமும் 30 கிராம் முந்திரி தின்றார்கள். எடையும் சர்க்கரையும் எல்.டி.எல்.லும் ஏறவில்லை. மேல் ரத்த அழுத்தம் கிட்டத்தட்ட 5 புள்ளி இறங்கியது, எச்.டி.எல். சற்றே ஏறியது. முந்திரிக்கு இருந்த கெட்ட பெயருக்கு இது நல்ல பதில். 2023-ல் வெளியானதில் எடை அதிகமான 400 பேர். 12 வாரம் தினமும் 43 கிராம் பாதாம் தின்றவர்களின் இன்சுலின் எதிர்ப்பும் டிரைகிளிசரைடும் மற்றக் குழுவை விட மேம்பட்டன.

பணம் யாருடையது?

இதையும் சொல்லியாக வேண்டும். சபாத்தேயின் 1993 சோதனைக்குக் கலிபோர்னியா அக்ரூட் வாரியம் பணம் கொடுத்தது. சென்னைப் பாதாம் சோதனைக்குக் கலிபோர்னியா பாதாம் வாரியம். இத்துறையின் உணவுச் சோதனைகளில் பல இப்படித்தான் நடக்கின்றன. அதனால் முடிவுகள் பொய் என்றாகிவிடாது, ஆனால் எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது, எதோடு ஒப்பிடப்படுகிறது என்பதில் சாய்வு வரலாம். பெரிய கணக்கெடுப்புகள் பலவும் அரசுப் பணத்தில் நடந்தவை என்பதும், அவையும் அதே திசையைக் காட்டுகின்றன என்பதும் எனக்கு ஓரளவு நம்பிக்கை தருகின்றன.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் 2003-ல் ஜாக்கிரதையாகவே பேசியது. தினமும் ஒன்றரை அவுன்ஸ் கொட்டை இதய நோயைக் குறைக்கக்கூடும் என்று ஆய்வுகள் குறிப்பால் உணர்த்துகின்றன, ஆனால் நிரூபிக்கவில்லை என்ற வாசகத்தை அட்டையில் போட அனுமதித்தது. செறிவுற்ற கொழுப்பு சற்று அதிகம் என்பதால் முந்திரி, பிரேசில் கொட்டை, மெக்கடேமியா மூன்றுக்கும் அப்போது அந்த அனுமதி இல்லை. மெக்கடேமியாவுக்கு 2017-ல் தனியாகக் கிடைத்தது.

எது, எவ்வளவு, எப்படி?

ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் என்பது தோராயமாக:

பாதாம் - 23
அக்ரூட் - 14 பாதிகள்
முந்திரி - 18
பிஸ்தா - 49
ஹேசல்நட் - 21
நிலக்கடலை - ஒரு சின்னக் கைப்பிடி

எது உயர்ந்தது என்று சண்டை போடுவதில் பொருளில்லை. கலந்து தின்பது நல்லது. பிரேசில் கொட்டை மட்டும் விதிவிலக்கு. அதில் செலீனியம் மிக அதிகம், நாளைக்கு ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம்.

பாதாமை இரவில் ஊறவைத்துத் தோலுரித்துத் தருவது பல வீடுகளில் வழக்கம். மெல்ல எளிதாகும், சுவையும் மாறும். சத்துக் கூடுவதாகச் சொல்வதற்கு வலுவான ஆதாரம் இல்லை. பாலிஃபீனால்கள் பெரும்பாலும் தோலில்தான் இருக்கின்றன, எனவே தோலோடு தின்பதே லாபம்.

தேங்காயை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. பெயரில் காய் இருந்தாலும் ஆங்கிலத்தில் அதையும் கொட்டை என்பதால் சிலர் சேர்த்து விடுகிறார்கள். அதன் கொழுப்பில் மிகப் பெரும்பகுதி செறிவுற்றது.

முக்கியமானது, எதற்குப் பதிலாக என்பது. மாலை நாலு மணிக்கு காபியோடு முறுக்கு, மிக்சர், குக்கீ தின்கிற இடத்தில் ஒரு கைப்பிடி கொட்டை வந்தால் லாபம். அவற்றோடு சேர்த்துக் கொட்டையும் என்றால் அது கூடுதல் கலோரிதான். மிக்சரில் முந்திரியைப் பொறுக்கித் தின்பது இதில் சேராது. உப்பும் எண்ணெயும் சேர்த்து வறுத்த டப்பாவை விட, வெறுமனே வறுத்ததோ பச்சையோ நல்லது. நம் ஊரில் அவித்த வேர்க்கடலை விற்பார்களே, அது அருமையான தின்பண்டம். இங்குள்ள இந்தியக் கடைகளில் பச்சைக் கடலை கிடைக்கிறது, குக்கரில் உப்புக் குறைவாகப் போட்டு வேகவைத்தால் போதும். கடலை மிட்டாய் அளவோடு.

சில எச்சரிக்கைகள்

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு துணுக்குக் கடலையும் உயிருக்கு ஆபத்து. வீட்டில் யாருக்கும் இல்லாவிட்டாலும், குழந்தையின் பள்ளியில் கொட்டைக்குத் தடை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு டிபனில் கொடுங்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கொட்டை தொண்டையில் சிக்கும், பொடித்துக் கொடுக்க வேண்டும்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாதாம், முந்திரி இரண்டிலும் ஆக்சலேட் அதிகம் என்பதை நினைவில் வைக்கவும். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் பொட்டாசியம், பாஸ்பரஸ் காரணமாக மருத்துவரைக் கேட்டே தின்ன வேண்டும்.

பூசணம் பிடித்த, சுருங்கிய, கசக்கும் கடலையைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். அதில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மர்மமாகச் செத்தபோது, காரணத்தைத் தேடிப் போய்த் தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் கண்டுபிடித்த நஞ்சு அது. கல்லீரலைத் தாக்கும், புற்றுநோயும் வரவழைக்கும். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பியது என்பதற்காக ஒரு வருடம் அலமாரியில் வைத்திருக்க வேண்டாம். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் எண்ணெய்ச் சிக்கு வாடை வராமல் நாள்பட இருக்கும்.

சுருக்கமாக: கொட்டையைக் கண்டு பயந்த காலம் போய்விட்டது. அதைக் கொண்டாட வேண்டிய தேவையும் இல்லை. ஆதாரங்களின் எடை, தினம் ஒரு கைப்பிடி நல்லது என்ற பக்கமே சாய்கிறது. நாற்பதை நெருங்கும் தமிழர்கள் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, இடுப்பளவையும் ஒரு முறை நாடா வைத்துப் பார்த்துவிடுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது நம் இனத்தாருக்கான எல்லை. அதைத் தாண்டியிருந்தால், நாலு மணிக் காபியின் பக்கத்தில் இருக்கும் தட்டை மாற்றுவதிலிருந்து தொடங்கலாம்.